தானியங்கி கேமரா படங்களும் மென்பொருளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டிலும் வயலோரத்திலும் தானியங்கி கேமரா வைப்பவர்களுக்கு, கார்டைக் கழற்றி வந்து கணினியில் போட்ட பிறகு எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை எடுத்து, பதிலோடு தொகுத்திருக்கிறோம். தொடக்கக் கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் கொடுத்திருக்கிறோம்.

1. படத்தைப் போட்டா என்ன மிருகம்னு அதுவே சொல்லிடுமா?

ஒரே மென்பொருள் எல்லாவற்றையும் செய்துவிடாது. வேலை நான்காகப் பிரிகிறது. படத்தில் விலங்கு இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. அது என்ன இனம் என்று ஊகிப்பது இரண்டாவது. அந்த ஊகத்தை ஓர் ஆள் பார்த்துச் சரிசெய்து, எத்தனை, ஆணா பெண்ணா, குட்டி உண்டா என்று குறிப்பது மூன்றாவது. குறித்ததை அட்டவணையாக்கிக் கணக்குப் போடுவது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மென்பொருள் உண்டு. இரண்டு மூன்றைச் சேர்த்துச் செய்பவையும் உண்டு.

நேரம் அதிகம் மிச்சமாவது முதல் வேலையில்தான். கேமராவின் உணரி, தன் முன் நகரும் வெப்ப வேறுபாட்டை உணர்ந்துதான் படம் எடுக்கிறது. வெயிலில் சூடான புல் காற்றில் ஆடினாலும் அதற்குப் போதும். அதனால் பல கேமராக்களில் பாதிக்கு மேல் வெறும் படங்களாகவே இருக்கும். அவற்றை ஒதுக்குவதில் கணினி நன்றாகத் தேறிவிட்டது. இனம் சொல்வதில் அது இடத்துக்கு இடம் மாறுபடும். அதனால் மூன்றாவது வேலையை முழுதாகத் தூக்கிப் போட இன்னும் முடியாது.

2. எதை இறக்கணும்? காசு கட்டணுமா?

நான்கு வேலைக்கும் இலவச மென்பொருளே போதும். விலங்கு இருக்கிறதா என்று பார்க்க மெகாடிடெக்டர். இது மைக்ரோசாஃப்டின் ‘ஏஐ ஃபார் எர்த்’ திட்டத்தில் உருவானது. விலங்கு, மனிதர், வாகனம் என்ற மூன்றைச் சுற்றி மட்டும் கட்டம் போடும். இனப் பெயர் சொல்லாது. இனத்துக்கு ஸ்பீசீஸ்நெட் இருக்கிறது. 6.5 கோடிக்கும் மேற்பட்ட படங்களில் பயிற்சி பெற்ற இதை 2025 மார்ச்சில் கூகுள் எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இதில் உண்டு.

இவை இரண்டும் கட்டளை அடித்து ஓட்டுபவை. கருப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தயங்குபவர்கள் ஆடாக்ஸ்ஏஐ-யை எடுக்கலாம் (முன்பு ஈகோஅசிஸ்ட் என்ற பெயரில் இருந்தது). பொத்தானை அழுத்தி ஓட்டலாம், ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமும் தேவையில்லை. படத்தைப் பார்த்துக் குறிக்க, கால்கரி பல்கலைக்கழகத்தின் சால் கிரீன்பெர்க் உருவாக்கிய டைம்லாப்ஸ். இது விண்டோஸில் ஓடும், மெகாடிடெக்டர் முடிவை அப்படியே படித்துக்கொள்ளும். கணக்குக்கு ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் கேம்ட்ராப்-ஆர் என்ற தொகுப்பு.

இணையத்தில் ஏற்றி அங்கேயே எல்லாம் செய்ய வைல்ட்லைஃப் இன்சைட்ஸ் போன்ற தளங்கள் இருக்கின்றன. பலர் சேர்ந்து குறிப்பதற்கு அவை நல்லவை. ஆனால் ஏற்றும் நேரத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள். 2 லட்சம் படம், ஒன்று 2 எம்பி என்றால் 400 ஜிபி. 10 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் ஏற்றினாலும் கிட்டத்தட்ட நான்கு நாள் ஆகும். இணையம் அவ்வப்போது அறுந்துபோகும் இடமென்றால் சொந்தக் கணினியில் ஓட்டுவதே மேல்.

3. என் லேப்டாப்ல ஓடுமா, இல்ல ஜிபியு வாங்கியே ஆகணுமா?

ஓடும், மெதுவாக ஓடும். ஜிபியு என்பது இந்த வகைக் கணக்கை வேகமாகப் போடும் தனிச் சில்லு. வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். பகல் படமும் இரவுப் படமும் கலந்து 100 படங்களை ஓட்டி, ஆன நேரத்தை நூறால் வகுங்கள். படத்துக்கு 2 நொடி என்று வந்தால் ஒரு நாளைக்கு 43,200 படம். ஒரு லட்சம் படத்துக்கு ஏறக்குறைய இரண்டேகால் நாள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மட்டுமே படம் வரும் குழுவுக்கு இது போதும், லேப்டாப்பை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். மாதாமாதம் லட்சக்கணக்கில் வந்தால்தான் என்விடியா ஜிபியு உள்ள கணினி தேவைப்படும்.

நீண்ட ஓட்டத்தில் சிக்கல் வருவது பெரும்பாலும் சின்ன விஷயங்களால். கணினி தானாகத் தூங்கும் அமைப்பை அணைத்து வையுங்கள். நடுநடுவே முடிவைச் சேமிக்கும் வசதி இருந்தால் கட்டாயம் போடுங்கள், மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. ஜிபியு நினைவகம் போதவில்லை என்று நின்றுவிட்டால் ஒரே நேரத்தில் எடுக்கும் படங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஜிபியு இருந்தும் மெதுவாக ஓடினால், படங்கள் இருக்கும் வெளி ஹார்டு டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள்.

4. கார்டு கையில வந்ததும் முதல்ல என்ன செய்யணும்?

பெயர் வைக்கும் ஒழுங்கு. கேமராக்கள் ஐஎம்ஜி_0001 என்று தொடங்கி 9999 வரை போய் மறுபடி முதலிலிருந்து வரும். பத்து கேமராவிலிருந்து பத்து ‘ஐஎம்ஜி_0001’ வரும். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் கொட்டினால் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டு அழியும். அதனால் இடத்துக்கு ஒரு கோப்புறை, அதற்குள் கேமராவுக்கு ஒன்று, அதற்குள் கார்டு எடுத்த தேதிக்கு ஒன்று. தேதியை 2025-03-14 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள். அப்போதுதான் கணினி அகர வரிசைப்படுத்தினாலும் கால வரிசை கெடாது.

நகல் எடுத்ததும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் கார்டோடு ஒப்பிடுங்கள். இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் நகல் இருந்தால்தான் கார்டை அழிக்கலாம். படங்களை வாட்ஸ்அப் போன்ற செயலி வழியாக வாங்காதீர்கள். படத்துக்குள் எழுதியிருக்கும் எடுத்த நேரம் உள்ளிட்ட எக்ஸிஃப் விவரம் அதில் போய்விடும்.

இன்னொன்று: பெயர் மாற்றும் வேலையை எல்லாம் முடித்துவிட்டுத்தான் மெகாடிடெக்டரை ஓட்ட வேண்டும். அதன் முடிவு ஒரு ஜேசான் கோப்பாக வரும். ஒவ்வொரு படத்தின் கோப்புறைப் பாதையும் பெயரும் அதில் எழுதியிருக்கும். பிறகு ஒரு கோப்புறையின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் டைம்லாப்ஸால் முடிவையும் படத்தையும் சேர்க்க முடியாது. கட்டங்கள் எதுவுமே காட்டவில்லை என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

5. கேமராவுல தேதி தப்பா இருக்கு. படம் எல்லாம் வீணா?

எவ்வளவு தப்பு என்று தெரிந்தால் வீணில்லை. பேட்டரி மாற்றும்போது சில கேமராக்களின் கடிகாரம் தொழிற்சாலைத் தேதிக்குத் திரும்பிவிடும். அதனால் கேமரா வைக்கும்போதும் எடுக்கும்போதும் சரியான நேரம் காட்டும் கைப்பேசித் திரையைக் கேமராவின் முன் பிடித்து ஒரு படம் எடுக்கவையுங்கள். திரையில் தெரியும் நேரத்துக்கும் படத்தின் எக்ஸிஃப் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் திருத்தம். தொடக்கத்தில் சரியாக இருந்து முடிவில் சில நிமிடம் பிசகியிருந்தால் கடிகாரம் மெதுவாக விலகியிருக்கிறது என்று பொருள். அந்தப் பிசகை நாட்களுக்குச் சமமாகப் பிரித்துவிட வேண்டும். டைம்லாப்ஸில் இரண்டு வகைத் திருத்தமும் இருக்கிறது.

அந்தப் படம் எடுக்க மறந்திருந்தாலும் தடயம் உண்டு. நண்பகல் 12 என்று காட்டும் படம் அகச்சிவப்பு விளக்கில் எடுத்த கருப்பு வெள்ளையாக இருந்தால், முற்பகல் பிற்பகல் மாறி 12 மணி நேரம் பிசகியிருக்கிறது. நிறப்படம் கருப்பு வெள்ளையாக மாறும் நேரத்தைப் பல நாட்களுக்குக் குறித்து, அந்த இடத்தின் சூரிய மறைவு நேரத்தோடு ஒப்பிட்டால் கால் மணி, அரை மணி துல்லியத்துக்குத் திருத்தம் கிடைக்கும். நாளும் மாதமும் இடம் மாறிப்போனது வேறு வகை. 03-04 என்பது மார்ச் 4 ஆகவும் இருக்கலாம், ஏப்ரல் 3 ஆகவும் இருக்கலாம். கூட்டிக் கழித்து இதைச் சரிசெய்ய முடியாது, இடம் மாற்றித்தான் எழுத வேண்டும்.

திருத்தத்தை அட்டவணையில் செய்யுங்கள். எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளால் படத்துக்குள்ளேயே மாற்றவும் முடியும், ஆனால் மூலப்படத்தில் கை வைக்காமல் நகலில் செய்யுங்கள். ஒரே திருத்தத்தை அறியாமல் இரண்டு முறை போட்டுவிட்டால், திரும்பிப் பார்க்க மூலம் இருக்க வேண்டும்.

6. கட்டத்துக்கு மேல 0.8-னு போட்டிருக்கு. 80 சதவீதம் சரின்னு அர்த்தமா?

இல்லை. அது மென்பொருள் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் மதிப்பெண். ஒரே மென்பொருளுக்குள் 0.8 உள்ள படம் 0.3 உள்ளதைவிட உறுதியானது என்பது வரை நம்பலாம், அதற்கு மேல் பொருள் கொள்ளக் கூடாது. மெகாடிடெக்டரே இதற்குச் சான்று. 4-ஆம் பதிப்புக்கு வழக்கமான வரம்பு (இதற்குக் கீழே மதிப்பெண் உள்ள கட்டங்களை ஒதுக்கிவிடுவோம்) 0.8 அளவில் இருந்தது, 5-ஆம் பதிப்புக்கு 0.2 அளவில் இருக்கிறது. பழைய வழிகாட்டியைப் பார்த்து 5-ஆம் பதிப்பில் 0.8 வைப்பவர்கள் விலங்குள்ள படங்களை அள்ளி வெளியே போடுகிறார்கள்.

வரம்பை எங்கே வைப்பது என்பது எந்தத் தவறு உங்களுக்கு அதிக இழப்பு என்பதைப் பொறுத்தது. வரம்பைக் குறைத்தால் வெறும் படங்கள் சில கூடுதலாக வரும், பார்ப்பவருக்கு நேரம் போகும். கூட்டினால் விலங்கு தவறும், தவறியது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அரிய விலங்கைத் தேடும் ஆய்வென்றால் தயங்காமல் 0.1-க்குக் கீழே போங்கள்.

7. ‘வெறும் படம்’னு ஒதுக்கினதை அழிச்சுடலாமா? டிஸ்க் நிரம்பிடுச்சு.

சோதிக்காமல் அழிக்காதீர்கள். சோதிப்பது எளிது. ஒதுக்கப்பட்டவை 60,000 என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 600 படங்களைக் குலுக்கல் முறையில் எடுத்துக் கண்ணால் பாருங்கள். முதல் 600-ஐ எடுத்தால் அவை ஒரே கேமராவின் படங்களாகிவிடும், அதனால் குலுக்கல் முக்கியம். ஒன்றில்கூட விலங்கு இல்லை என்றால் 3-ஐ 600-ஆல் வகுங்கள்: 0.5 சதவீதம். ஒதுக்கியதில் தவறிய விலங்குகள் அதற்கு மேல் இருக்காது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். அதாவது 60,000-இல் அதிகபட்சம் 300. ஒன்றிரண்டு கிடைத்தால் வரம்பைக் குறைத்து மறுபடி சோதியுங்கள்.

அந்த 300 சின்ன எண்ணா பெரிய எண்ணா என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. 20,000 புள்ளிமான் படம் கையில் இருக்கும்போது 300 போனால் கணக்கு அசையாது. எறும்புதின்னி இந்தக் காட்டில் உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி என்றால், தவறிய ஒரே படம் பதிலையே மாற்றிவிடும். அப்படிப்பட்ட ஆய்வில் குலுக்கலோடு நிறுத்தாமல், வரம்புக்குச் சற்றுக் கீழே உள்ள பட்டையை, உதாரணமாக 0.05 முதல் 0.2 வரை உள்ளவற்றை, முழுவதுமாகப் பாருங்கள். தவறிய விலங்குகள் பெரும்பாலும் அங்கேதான் குவிந்திருக்கும்.

வெறும் படத்துக்கும் ஒரு பயன் உண்டு: அன்று கேமரா ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு அது சான்று. எல்லாவற்றையும் அழித்துவிட்டால் விலங்கு வராத நாளும் கேமரா பழுதான நாளும் ஒன்றாகத் தெரியும். குறைந்தபட்சம் நாளுக்கு ஒரு படமாவது வைத்துக்கொள்ளுங்கள். எங்களைக் கேட்டால், கணக்கு முடிந்து அறிக்கை வெளிவரும்வரை எதையும் அழிக்காமல் இன்னொரு டிஸ்க் வாங்குவதே நல்லது.

8. ஒரே கல்லை எல்லாப் படத்துலயும் விலங்குன்னு காட்டுது. என்ன பண்றது?

கேமரா அசையாது, கல்லும் அசையாது. அதனால் தவறான கட்டம் நூற்றுக்கணக்கான படங்களில் ஒரே இடத்தில், ஒரே அளவில் விழும். மரக்கட்டை, பாறை, வளைந்த வேர் எல்லாம் இப்படிச் சிக்கும். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழும் கட்டங்களைக் கண்டுபிடித்துக் கூட்டாக நீக்கும் நிரல் மெகாடிடெக்டரின் துணைக் கருவிகளில் இருக்கிறது. ஒவ்வொரு சந்தேகக் கட்டத்துக்கும் ஒரு மாதிரிப் படத்தைக் கொடுக்கும். நீங்கள் பார்த்து, உண்மையான விலங்கு உள்ள மாதிரியை அந்தக் கோப்புறையிலிருந்து அழித்துவிட வேண்டும். மிஞ்சியவைதான் தவறு என்று நீக்கப்படும்.

பார்க்கும் அந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் படுத்து அசைபோடும் மானும் இந்த நிரலுக்குக் கல் மாதிரித்தான் தெரியும்.

9. எந்த மாதிரி விலங்கைத் தவறவிடும்?

சிறியவை, ஊர்வன, மிக அருகில் வந்தவை. மெகாடிடெக்டர் 5 படத்தின் நீளப் பக்கத்தை 1,280 புள்ளிகளாகச் சுருக்கித்தான் பார்க்கிறது. 4,000 புள்ளி அகலப் படத்தில் 30 புள்ளி அளவில் தெரியும் எலி, சுருங்கியபின் பத்துப் புள்ளிக்கும் குறைவு. எலி, சிறு பறவை, தவளைதான் உங்கள் ஆய்வு என்றால் படத்தைத் துண்டுகளாக வெட்டித் துண்டுக்குத் துண்டு ஓட்ட வேண்டும். நேரம் பல மடங்காகும், ஆனால் கிடைக்கும்.

பாம்பும் உடும்பும் தரையோடு தரையாகத் தெரிவதால் நழுவும். கேமராவை உரசிக்கொண்டு போகும் யானையின் தோல் படம் முழுவதையும் அடைத்துச் சாம்பல் சுவராகத் தெரியும், அதையும் வெறும் படம் என்று விடக்கூடும். படத்தின் ஓரத்தில் வால் மட்டும், காது மட்டும் தெரிவதும் அப்படியே. மூன்று படம் தொடராக எடுக்கும்படி கேமராவை வைத்திருந்தால், தொடரில் ஒரு படத்தில் விலங்கு சிக்கினாலே மூன்றையும் விலங்குப் படமாகக் கொள்ளுங்கள். எளிய விதி, நிறையப் படங்களை மீட்டுத் தரும். கேமரா உணரியே தூண்டப்படாமல் போன விலங்குக்கு எந்த மென்பொருளாலும் வழியில்லை. சுற்றுப்புற வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும் கடும் வெயில் நேரங்களில் அப்படி நிறையத் தவறும்.

10. எங்க காட்டுல இல்லாத மிருகத்தோட பெயரைச் சொல்லுதே, ஏன்?

இனம் சொல்லும் மென்பொருள் தன் பட்டியலில் உள்ள பெயர்களில் மிக ஒத்துப்போவதைத் தேர்ந்தெடுக்கும். உங்கள் விலங்கு பட்டியலில் இல்லாவிட்டாலும், படம் மங்கலாக இருந்தாலும், ஏதோ ஒன்றைச் சொல்லத்தான் செய்யும். ஆசியக் காட்டுப் புனுகுப்பூனைக்கு அமெரிக்க ரக்கூன் என்று பெயர் விழுவது இப்படித்தான். ஸ்பீசீஸ்நெட்டில் நாட்டின் குறியீட்டைக் கொடுத்தால் அங்கே இல்லாத விலங்குகளை வடிகட்டும். இனம் உறுதியில்லாதபோது குடும்பம், வரிசை என்று மேல்மட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ளும். நாட்டைக் கொடுக்காமல் ஓட்டிவிட்டு மென்பொருள் சரியில்லை என்பது நியாயமில்லை.

வடிகட்டிய பிறகும் அரிய விலங்கின் பெயரைக் கண்ணை மூடி ஏற்காதீர்கள். ஒரு லட்சம் படத்தில் உண்மையான சிறுத்தை 20 என்று வையுங்கள். மற்றப் படங்களில் நூற்றில் ஒன்றை மட்டும் மென்பொருள் தவறாகச் சிறுத்தை என்கிறது. 20 சிறுத்தையும் சரியாகச் சிக்கினாலும், ‘சிறுத்தை’ கோப்புறையில் ஏறக்குறைய 1,020 படம் இருக்கும், அதில் ஆயிரம் தவறு. 99 சதவீதம் துல்லியமான கருவியின் நிலை இது. ஆகவே அரிய இனம் என்று வந்த ஒவ்வொரு படத்தையும் ஆள் பார்த்தாக வேண்டும். மாடு, மான் போல ஆயிரக்கணக்கில் வருபவற்றுக்கு மாதிரி எடுத்துப் பார்த்தால் போதும்.

11. 95 சதவீதம் துல்லியம்னாங்க, எங்க படத்துல பாதிதான் சரியா வருது. ஏமாத்திட்டாங்களா?

அப்படிச் சொல்ல வேண்டியதில்லை, அளந்த விதத்தைக் கேளுங்கள். ஒரே கேமராவின் படங்களைப் பிரித்து ஒரு பங்கில் பயிற்சியும் மறு பங்கில் சோதனையும் வைத்தால் மதிப்பெண் மிக நன்றாக வரும். ஏனென்றால் மென்பொருள் விலங்கை மட்டும் கற்கவில்லை, அந்த மரத்தையும் பாறையையும் சேர்த்துக் கற்றிருக்கிறது. இடம் மாறினால் அந்தத் துணை போய்விடும். பயிற்சியில் இல்லாத இடத்துக் கேமராக்களில் சோதித்த எண்தான் உங்களுக்குப் பொருந்தும். முதலில் கட்டம் போட்டு, விலங்கை மட்டும் வெட்டியெடுத்து, பிறகு இனம் கேட்கும் இரண்டு படி முறை இந்தச் சிக்கலைக் குறைக்கிறது, முழுவதும் நீக்குவதில்லை.

நீங்களே பயிற்சி கொடுக்கப் போகிறீர்கள் என்றாலும் இதே விதி. சில கேமராக்களை முழுமையாக ஒதுக்கி வைத்துச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஒரே இடத்தில் எடுத்த 5,000 படத்தைவிட 50 இடங்களில் எடுத்த 1,000 படம் மேலான பயிற்சி தரும்.

12. ஒரே மான் நின்னுக்கிட்டே இருந்து 60 படம் விழுந்திருக்கு. எத்தனைன்னு எழுதறது?

ஒரு வருகை. ஒரே இடத்தில் ஒரே இனம் 30 நிமிட இடைவெளிக்குள் மறுபடி வந்தால் தனி வருகையாகக் கொள்வதில்லை என்பது பரவலான வழக்கம், ஒரு மணி நேரம் வைப்பவர்களும் உண்டு. இடைவெளியை எதிலிருந்து அளப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 6:00, 6:20, 6:40, 7:00 என்று நான்கு படம், இடைவெளி 30 நிமிடம். கடைசியாக எண்ணிய வருகையிலிருந்து அளந்தால் 6:00 ஒன்று, 6:40 ஒன்று, ஆக இரண்டு. முந்தைய படத்திலிருந்து அளந்தால் எந்த இடைவெளியும் 20-ஐத் தாண்டவில்லை, ஆக ஒன்றே ஒன்று. கேம்ட்ராப்-ஆர் இரண்டையும் செய்யும். எதைத் தேர்ந்தீர்கள் என்று அறிக்கையில் எழுதாவிட்டால் உங்கள் எண்ணை இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிட முடியாது.

கூட்டமாக வந்தால், அந்த வருகையின் ஒரே படத்தில் அதிகமாகத் தெரியும் தலைகளின் எண்ணிக்கையை எழுதுங்கள். படம் படமாகக் கூட்டினால் ஐந்து பன்றி ஐம்பதாகும்.

13. படம் கூடினா விலங்கும் கூடியிருக்குன்னு சொல்லலாமா?

அப்படியே சொல்ல முடியாது. முதலில் உழைப்பால் வகுக்க வேண்டும். ஒரு கேமரா ஓர் இரவு ஓடினால் ஒரு பொறி-இரவு. 20 கேமரா 30 இரவு என்றால் 600, பழுதாகி நின்ற இரவுகளைக் கழிக்க வேண்டும். நூறு பொறி-இரவுக்கு எத்தனை வருகை என்பது வழக்கமான குறியீடு. நின்ற இரவுகளைத் தெரிந்துகொள்ள கேள்வி 7-இல் சொன்ன அன்றாடப் படம் உதவும்.

வகுத்த பிறகும், வந்தவற்றில் எத்தனை படத்தில் சிக்கின என்பது கேமராவின் உயரம், பாதை, புல்லின் வளர்ச்சி, விலங்கின் உடல் அளவு எல்லாவற்றாலும் மாறும். மழைக்குப் பின் புல் வளர்ந்து கேமராவை மறைத்தால் முயல் குறைந்ததாகத் தெரியும். இதைச் சரிக்கட்டத்தான், ஓர் இடத்தில் பல நாள் திரும்பத் திரும்பப் பார்த்து, ‘இருந்தும் சிக்காத’ வாய்ப்பைத் தனியாக மதிப்பிடும் வாழிட இருப்பு மாதிரிகள் இருக்கின்றன. அவற்றின் எளிய வடிவம், பதிவான ஒவ்வொன்றும் உண்மை என்று எடுத்துக்கொள்கிறது. கேள்வி 10-இல் கண்ட தவறான சிறுத்தைகள் சரிபார்க்காமல் இதற்குள் போனால், சிறுத்தை இல்லாத இடமெல்லாம் சிறுத்தை வாழும் இடமாகிவிடும்.

14. இது அதே புலியா வேற புலியான்னு மென்பொருள் கண்டுபிடிக்குமா?

வரி, புள்ளி உள்ள விலங்குகளுக்கு உதவும். எக்ஸ்ட்ராக்ட்கம்பேர், ஹாட்ஸ்பாட்டர் போன்றவை புதுப் படத்தின் கோலத்தைப் பழைய தொகுப்போடு ஒப்பிட்டு, ஒத்துப்போகக் கூடியவற்றை வரிசைப்படுத்திக் கொடுக்கும். முடிவு சொல்வது நீங்கள்தான். விலாவிலும் பின்தொடையிலும் தெளிவாகத் தெரியும் இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்து வரி வரியாக ஒப்பிடுங்கள். உடல் வளைந்து நடக்கும்போது வரிகளின் இடைவெளி மாறித் தெரியும், ஆனால் எந்த வரி எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்பது மாறாது. அசைவில் கலங்கிய படத்தை ஒதுக்கிவிடுங்கள். ஒரு புலியை இரண்டாகப் பிரித்தால் தொகை கூடும், இரண்டை ஒன்றாகச் சேர்த்தால் குறையும்.

இடப்புறக் கோலமும் வலப்புறக் கோலமும் வெவ்வேறு. பாதையின் இருபுறமும் கேமரா வைப்பது இதற்காகத்தான். நேருக்கு நேர் வைத்தால் ஒன்றின் ஒளி மற்றதைக் கூசவைக்கும், சற்றுத் தள்ளி வையுங்கள். ஒருபுறப் படம் மட்டுமே கிடைத்த விலங்குகள் இருந்தால் இடப்புறத் தொகுப்பையும் வலப்புறத் தொகுப்பையும் தனித்தனியாக எண்ணி, பெரியதை எடுங்கள். இரண்டையும் கூட்டினால் ஒரே புலியை இருமுறை எண்ணிவிடுவோம். கருஞ்சிறுத்தைக்கு வழியில்லை என்று நினைக்க வேண்டாம், அகச்சிவப்பு ஒளியில் எடுத்த இரவுப் படத்தில் அதன் புள்ளிகள் தெரியும்.

15. வீடியோவா வச்சிருக்கேன், அதுக்கும் இதேதானா?

இதேதான், படச் சட்டங்களாகப் பிரித்து ஓட்டும். நொடிக்கு 30 சட்டம் உள்ள 20 நொடி வீடியோவில் 600 சட்டம் இருக்கும். எல்லாவற்றையும் ஓட்டத் தேவையில்லை, நொடிக்கு ஒன்று என்று 20 போதும். பல கேமராக்களின் வீடியோவில் எக்ஸிஃப் நேரம் இருக்காது, கோப்பின் மாற்ற நேரம் மட்டுமே இருக்கும். நகல் எடுக்கும்போது அது மாறிவிடாத முறையில் எடுங்கள்.

16. ஆளுங்க படமும் விழுது. அதை என்ன செய்யறது?

விறகுக்கு வந்தவர், மேய்க்க வந்தவர், நடந்து போகும் பெண்கள் என்று யாரும் விழுவார்கள். அவர்களிடம் நாம் அனுமதி கேட்கவில்லை. யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைப்பது என்று கேமரா வைப்பதற்கு முன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள். மெகாடிடெக்டர் ‘மனிதர்’ என்று பிரிப்பதைத் தனிக் கோப்புறைக்கு நகர்த்திப் பூட்டிவிட்டு, பிறகே படங்களைத் தன்னார்வலர்களிடம் கொடுங்கள். இதற்கு மனித வரம்பைத் தாழ்வாக வையுங்கள், இரண்டு மூன்று மான் படம் அங்கே போனால் குற்றமில்லை. ஆள் போக்குவரத்தின் எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் நேரத்தைக் குறித்துக்கொண்டு படத்தை நீக்கிவிடலாம்.

வேட்டையாடப்படும் விலங்கின் படத்தை வெளியிடும் முன் எக்ஸிஃபில் உள்ள ஜிபிஎஸ் புள்ளியை அழியுங்கள். படத்தின் அடியில் அச்சாகும் பட்டையில் கேமராவின் பெயரோ இடமோ இருந்தால் அதையும் வெட்டுங்கள்.

17. புதுப் பதிப்பு வந்திருக்கு. இந்த வருஷப் படத்தை அதுல ஓட்டி, பழைய வருஷங்களோட சேர்த்துப் பார்க்கலாமா?

கட்டத்தை நம்பி மட்டும் எண்ணியிருந்தால் சேர்க்கக் கூடாது. புதுப் பதிப்பு சின்ன விலங்குகளைக் கூடுதலாகப் பிடித்தால், கீரி பெருகிவிட்டது போல வரைபடம் ஏறும். ஏறியது மென்பொருளின் திறன். மூலப்படங்கள் இருந்தால் எல்லா ஆண்டுகளையும் ஒரே பதிப்பில், ஒரே வரம்பில் மறுபடி ஓட்டுங்கள். இல்லாவிட்டால், இரண்டு பதிப்பிலும் ஓடிய ஓர் ஆண்டையாவது வைத்து இனவாரியாக வித்தியாசத்தை அளந்து சொல்லுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்தோடும் பதிப்பு எண், வரம்பு, கொடுத்த நாட்டுக் குறியீடு, ஓட்டிய தேதி, யார் சரிபார்த்தார் என்ற விவரத்தை அதே கோப்புறையில் ஓர் உரைக் கோப்பாகப் போட்டு வையுங்கள். மென்பொருள் சொன்ன பெயரையும் மனிதர் உறுதிசெய்த பெயரையும் அட்டவணையில் வெவ்வேறு நெடுவரிசையில் வையுங்கள், ஒன்றின் மேல் மற்றதை எழுதாதீர்கள். வேறு குழுவுக்குக் கொடுப்பதென்றால் கேம்ட்ராப் டிபி என்ற பொது வடிவம் இருக்கிறது: கேமரா வைத்த விவரம் ஒன்று, படங்கள் ஒன்று, கண்டவை ஒன்று என மூன்று சிஎஸ்வி அட்டவணைகள். பெயர் சொன்னது மனிதரா மென்பொருளா என்று குறிக்க அதில் தனி இடமே உண்டு, அதை நிரப்பாமல் அனுப்பாதீர்கள்.